இரண்டு ரயில்களுக்கு நடுவே

ரயில் பிரயாணத்தில் எல்லோராலும் நிந்திக்கப்படுவது, ஒரு வண்டியிலிருந்து இறங்கி மறு வண்டியில் ஏறும் வரையிலுள்ள நேரம். அதை எப்படியாவது தொலைத்தால் போதுமென்று வெயிட்டிங் ரூமில் பெட்டியின் மேல் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களே அதிகம். நம்முடைய அபிப்பிராயம் வேறு. டிக்கெட்டில் சேராமல், இனாமாகக் கிடைக்கும் ஓர் ஊர் அது. ஆனால் ஆறு மணி நேரத்தில் ஆறு இடம் பார்ப்போம் என்று புறப்படுகிறவர்கள், ஆறு டாக்ஸிகளின் உட்புறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரே ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதே உசிதம்.

சென்ற டிசம்பரில் குடும்பத்துடன் அகமதாபாத் போகும் வழியில், மும்பையில் நமக்கு அப்படி ஆறு மணி நேரம் கிடைத்தது. வந்து இறங்கியது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில். இரவு ஏற வேண்டியது மும்பை சென்ட்ரலில். சாமான்களைக் கிளோக் ரூமில் ஒப்படைத்தோம். (பூட்டில்லாத பெட்டியை அங்கே ஏற்கமாட்டார்கள், பூட்டுக்கள் அவசியம்.) விக்டோரியா மகாராணியின் பெயரால் பத்து வருஷம் கட்டி 1888-இல் முடித்த ஸ்டேஷன் அது. 1996-இல் சிவாஜியின் பெயரைப் பெற்றது. அந்தப் பெயர் மாற்றத்துக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு வெளியே வந்தோம்.

எங்கே போவது என்பதில் பெரிய விவாதம் மூண்டது. குழந்தைகள் 'கேட்வே ஆப் இந்தியா' என்றார்கள். வீட்டு அம்மாள் கடைத்தெரு என்றாள். 84 வயதான நமது அத்தையோ, "ஏண்டா, பம்பாய் வரையில் வந்துவிட்டுக் கோவாலியா குளத்து மைதானத்தைப் பார்க்காமல் போவதாவது? அங்கிருந்து வந்த செய்திதானே அப்பாவை ஜெயிலுக்குக் கொண்டுபோயிற்று?" என்றார். அதற்குமேல் விவாதம் ஏது?

முதலில் லாபர்னம் ரோட்டிலுள்ள மணி பவனம். ரேவாசங்கர் ஜகஜீவன் ஜவேரி என்னும் நண்பருடைய இந்த வீட்டில்தான் 1917 முதல் 1934 வரை காந்தியடிகள் மும்பை வந்தபோதெல்லாம் தங்குவது வழக்கம். ரௌலட் சட்டத்தை எதிர்த்த 1919-ஆம் வருஷத்தில், பத்திரிகைச் சட்டத்தை மீறிப் பதிவு செய்யாமலே 'சத்தியாக்கிரகி' என்ற சிறு பத்திரிகையை அவர் வெளியிட்டார். பஞ்சு கொட்டும் தொழிலாளி ஒருவர் தினமும் அவ்வீட்டைக் கடந்து போவாராம். அவரைக் கொண்டுதான் பட்டை போடும் வேலை ஆரம்பமாயிற்று. 1932 ஜனவரி 4-ஆந் தேதி விடியுமுன் போலீஸார் வந்து அவரைக் கைது செய்ததும் இந்த வீட்டு மாடியிலேயே.

அத்தையால் படியேற முடியவில்லை. கீழே புத்தகசாலையில் அமர்ந்தார். குழந்தைகள் மேலே ஓடினார்கள். அண்ணலின் வாழ்க்கையைச் சிறு பொம்மைகளாக அமைத்திருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெரியவர்களைக் கவருவது அதுவல்ல. கண்ணாடிக்கு அப்பால் ஒரு மெத்தையும் சில ராட்டினங்களும் மட்டுமுள்ள அவருடைய அறை! நம் வீட்டில் குழந்தைகளின் புத்தக அலமாரிக்கே அதைவிட அதிகமான சாமான்கள்.

அங்கிருந்து மைதானம் நடக்கும் தூரம். அத்தை பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். 1942 ஆகஸ்டு 8-இல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியதும், மறுநாள் தலைவர்களெல்லாம் சிறைப்பட்ட பிறகு அருணா ஆஸப் அலி கொடியேற்றியதும் இவ்விடந்தான். இன்று பெயர் ஆகஸ்டு கிராந்தி மைதானம். நாம் போனபோது பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தை வெகு நேரம் பார்த்திருந்துவிட்டு, "இவ்வளவுதானா இடம்?" என்றார். ஏமாற்றமா, ஆச்சரியமா என்று நமக்கு விளங்கவில்லை.

இன்னொரு விஷயம். இதே பேட்டையில், கோகுல்தாஸ் தேஜ்பால் ஸம்ஸ்கிருதக் கல்லூரியில்தான் 1885 டிசம்பர் 28-இல் முதல் காங்கிரஸ் கூடியது. பூனாவில் நடக்க வேண்டியது, காலரா பரவியதால் இங்கே வந்தது. வந்த பிரதிநிதிகள் 72 பேர். முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882-இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கியவர். விசாரணைக் கமிஷன் வேண்டும் என்று பணிவாகக் கேட்ட அந்தக் குரலுக்கும், 1942-இன் குரலுக்கும் இடையே 57 வருஷம் ஓடியது. தூரமோ சில நிமிஷ நடை! தமிழ்நாட்டிலிருந்து மும்பை வருகிறவர்களில் எத்தனை பேர் இதைத் தேடிப் பார்க்கிறார்கள்? கேட்வேக்கு இருக்கும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு இங்கே இருந்தாலும் திருப்தியாயிருக்கும்.

பிறகு குழந்தைகளின் உரிமைப்படி வடா பாவ். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. சாமான்களை மீட்டுக்கொண்டு மும்பை சென்ட்ரல் சேர்ந்தபோது, வண்டிக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.

அத்தைக்குக் கீழ் பெர்த்து. வண்டி நகர்ந்த பிறகு, விளக்கை அணைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டுக் குழந்தைகளிடம் பேசத் தொடங்கினார். 1944-இல், தமக்கு மூன்று வயதில், தாடியும் மீசையுமாக ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தாராம். யாரோ என்று பயந்து, தாயாரின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். சிறையிலிருந்து வந்த அப்பாவிடம் போவதற்கு நான்கு நாள் பிடித்ததாம். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை நம்மிடம் அவர் சொன்னதில்லை.