முள் ஒரு நூல் தள்ளி

சேலையூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்தப் பழைய வீட்டு மொட்டை மாடியில் இரவு எட்டு மணிக்கு மேல் ரேடியோ நன்றாக எடுக்கும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைதான். அம்மா மட்டும் முள்ளை இன்னும் ஒரு நூல் தள்ளுவார். இரைச்சலுக்குள்ளிருந்து சிங்களப் பாட்டு எழும்பி வரும்.

"பிள்ளை, சத்தம் போடாதை. ருக்மணி பாடுறா."

1984 தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் ரயில் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கியவர்கள் நாங்கள். 83 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு ஓடும்போது அம்மா தூக்கிய பைக்குள் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன. அவை கசங்காமலிருக்க நடுவே ஒரு சிங்களப் படப் பாட்டுப் புத்தகம். அட்டையில் ருக்மணி தேவியின் முகம்; கம்பி துருப்பிடித்து மூக்கருகே பழுப்பாக ஊறியிருந்தது. பின்னட்டையில் பென்சிலால் அம்மம்மா எழுதிய கடைக் கணக்கு: பாண் இரண்டு, சீனி ஒரு றாத்தல்.

ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். அந்த ராசம்மாவைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் ஒரு பெருமை ஏறும். அவர் நடித்த, முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரி 21ஆம் தேதி கொழும்பில் திரைக்கு வந்தது. கதையும் நடிகர்களும் நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழு, தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். எடுத்தது மதுரை சித்ரகலா மூவிடோனில். அதே வருஷம் வந்த 'அசோகமாலா' கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். மின்சார ரயில் கோடம்பாக்கத்தைத் தாண்டும்போதெல்லாம் அம்மா ஜன்னலோரம் எட்டிப் பார்ப்பார். "இஞ்சையும் வந்திருப்பா" என்பார்.

சிங்களக் கிராமம் நம்மூர் ஸ்டூடியோவில் சாயம் பூசிய துணியாகத் தொங்கிய காலம் அது. மெட்டுகளும் இந்தி, தமிழ்ப் படங்களிலிருந்து அப்படியே போயின. 1956இல் மாமா அம்மாவை 'ரேகாவ'வுக்குக் கூட்டிப்போனார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமராவை மெய்யான கிராமத்துக்கே கொண்டுபோய் வைத்த படம். கட்டைக்காலில் நடந்து வரும் பாட்டுக்காரனை அம்மா எனக்கு நடந்தே காட்டியிருக்கிறார். அடுத்த வருஷம் அந்தப் படம் கான் விழாப் போட்டிக்குப் போனது. 1965இல் பீரிஸின் 'கம்பெரலிய' டில்லி விழாவில் தங்க மயில் வாங்கியது. நம் ஸ்டூடியோக்களை விட்டுச் சிங்களப் படக்காரர்கள் வெளியேறியது நல்லது; வெளியேறியதால்தான் அந்தச் சினிமாவுக்குச் சொந்த முகம் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

என் வருத்தம் வேறு. சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக் பாடிய புத்த பக்திப் பாட்டுகளைச் சிங்கள வீடுகள் இன்றும் கேட்கின்றன. ஆர். முத்துசாமியின் இசை எத்தனையோ சிங்களப் படங்களில் இருக்கிறது. அப்படிக் கலந்து கிடந்த உலகத்தில்தான், தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவுக்கு 83 ஜூலையில் தீ வைத்தார்கள். சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட்டை உயிரோடு எரித்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வார்த்தை சிங்களம் பேசி நான் கேட்டதில்லை. தூர்தர்ஷனில் 'பைலட் பிரேம்நாத்' போட்டபோது, சிவாஜியோடு மாலினி பொன்சேகா வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மொட்டை மாடி இருட்டில் மட்டும் உதடு அசையும். 1978இல் விபத்தில் செத்துப்போன ருக்மணியோடு, ஒரு சொல் பிசகாமல், சத்தமில்லாமல் கூடவே பாடுவார். ஒருநாள் கீழ்வீட்டு மாமி வடாம் எடுக்க மேலே வந்தார்.

"என்னம்மா, என்ன பாஷை இது?"

"தெரியேல்லை மாமி, ஸ்டேஷன் மாறிப்போச்சு" என்று அம்மா முள்ளை ஒரு நூல் பின்னால் தள்ளினார்.