கூட்டிய பட்டை

சுசீந்திரம் மார்கழித் தேருக்கு அம்மாவைப் படுக்கவைத்து அழைத்துச் செல்லவே பழைய வேனில் கட்டில் பொருத்தினோம். பாரத்தில் பின்புறம் தாழ்ந்து, வேகத்தடைகளில் உரசிற்று. கோட்டாற்றுப் பட்டறையில், வில்லுக்கு இருபுறமும் ஒவ்வொரு பட்டை கூட்டச் சொன்னோம்.

"பட்டை கூடினா வண்டி பொங்கும் சாரே, ஆனா வில்லு விறைச்சு, தூக்கித் தூக்கிப் போடும்" என்றார் மேஸ்திரி. நாம் கேட்கவில்லை.

இரண்டு அங்குலம் உயர்ந்தது. அம்மாவின் கால் படிக்கு எட்டவில்லை, தூக்கி ஏற்றினோம். அழகியபாண்டியபுரத்தில் புறப்பட்டு, பூதப்பாண்டி தாண்டுமுன் இடுப்புவலியில் துடித்தார்.

"வில்வண்டியில வைக்கோல் விரிச்சுப் போனப்பகூட இப்பிடி வலிக்கல்லியே மக்கா."

திரும்பிவிட்டோம். மேஸ்திரி கூட்டிய பட்டைகளைக் கழற்றி, தளர்ந்த பழைய பட்டைகளையே வளைத்துப் பூட்டினார். இரும்புக் கட்டிலுக்குப் பதில் மெத்தை விரித்தோம். வண்டி உரசவில்லை, உலுக்கவுமில்லை.

அதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. அடுத்த மார்கழியில் அம்மா இல்லை.