ஆர்க் மருத்துவரும் சஞ்சீவி மலையும்

டுவார்ஃப் என்ற குள்ளன் போர்வீரனாக மட்டுமே இருக்கலாம், அதுவும் ஆறாம் படிக்கு மேல் ஏற முடியாது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனைப் பாத்திர ஆட்டத்தை வெளியிட்டபோது போட்ட விதி இது. இன்னொரு குட்டை இனமான ஹாபிட்டின் பாடு இன்னும் மோசம், நாலாம் படியோடு சரி. மனிதனுக்கு மட்டும் எந்தத் தொழிலுக்கும் தடையில்லை. 1981இல் வந்த எளிய பதிப்பில் எல்ஃப், டுவார்ஃப் என்பவையே தொழிலின் பெயர்களாகிவிட்டன. மனிதர்களில் திருடன் உண்டு, பூசாரி உண்டு, மந்திரவாதி உண்டு. டுவார்ஃபின் தொழில் டுவார்ஃபாக இருப்பது.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர் யார் இதைப் படித்தாலும் குலக்கல்வித் திட்டம் நினைவுக்கு வரும். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்தது. அவருக்கு முன் முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா. 1954இல் பதவிக்கு வந்து திட்டத்தைக் கைவிட்ட காமராஜர், அதுவரை ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். கைகாக்ஸுக்கு இந்த வரலாறெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. மனிதரே மையமான உலகம் வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. ஆனாலும் பிறப்பைப் பார்த்து வேலை கொடுக்கிற பட்டியலை நாம் விளையாட்டாகப் படிக்க முடிவதில்லை.

2000இல் மூன்றாம் பதிப்பு அந்தத் தடைகளை எடுத்துவிட்டது. யாரும் எதுவும் ஆகலாம். ஆனால் ஆர்க் என்ற முரட்டு இனத்தின் ரத்தம் பாதி உள்ளவனுக்கு உடல் வலுவில் இரண்டு புள்ளி கூட்டி, அறிவில் இரண்டும் வசீகரத்தில் இரண்டும் குறைத்தார்கள். மந்திரம் படிக்க வா என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு, மார்க்கை முன்கூட்டியே குறைத்த மாதிரி. 2024 பதிப்பில்தான் அந்தப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து பிரித்து, உழவன், மாலுமி, எழுத்தர் என்று முன்பு பார்த்த வேலையோடு சேர்த்தார்கள். ஐம்பது வருஷம் ஆயிற்று.

ராஜபாளையத்தில் என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் கூடி இதை ஆடுகிறார்கள். ஒருவன் டி.எம்.; கதை சொல்கிறவனும் நடுவரும் அவனே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம், அதன் விவரமெல்லாம் ஒரு தாளில். வாய்ப்பேச்சும் தாளும் பென்சிலும் இருபது முகப் பகடையும் போதும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், விதிப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கலப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆமைத் துறவி, பாட்டுப் பாடும் டுவார்ஃப், மந்திரம் படித்த அரை ஆர்க். முதல் அரை மணி நேரம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆமை மெதுவாக வந்தது என்று மூன்றாவது தடவை சொல்லும்போது சிரிக்க ஆளில்லை. ஏன்டா ஆமை என்றால், "சும்மாதான் மாமா, ஜாலிக்கு" என்கிறான் அக்கா மகன். தடை இருந்த காலத்தில் அதை மீறவாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம். தடை திரும்ப வரட்டும் என்று சொல்ல மாட்டேன். காரணம் வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

நல்ல காரணத்துக்கு எங்கும் போக வேண்டாம், மாடியில் நின்றால் சஞ்சீவி மலை தெரியும். அனுமன் தூக்கிப்போன மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்பது ஊர்க்கதை. அனுமன் குரங்கு இனம். படிப்போ சூரியனிடம் கற்ற ஒன்பது இலக்கணம். இதைவிட விசித்திரமான சேர்க்கையை எந்த விதிப்புத்தகமும் போடவில்லை. ஆனால் கதையின் அழகு அவர் படிப்பில் இல்லை. மூலிகை எது என்று தெரியாமல் நின்ற இடத்தில் இருக்கிறது. அத்தனை இலக்கணமும் அங்கே உதவவில்லை, குரங்கின் தோள் உதவியது. மலையையே பெயர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள், ரங்கமன்னாரோடு கருடனும் ஒரே கருவறையில் நிற்கிறார். வேறு பெருமாள் கோயில்களில் எதிரே சந்நிதியில் கைகூப்பி இருக்கும் பறவைக்கு இங்கே பக்கத்திலேயே இடம். அந்தக் கருடனின் அம்சமாக வைணவர்கள் கொண்டாடும் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை கட்டியவர். அவர்தான் பாண்டியன் சபையில் வாதம் செய்து பொற்கிழி வென்றார் என்கிறது குருபரம்பரை. கழுகு, மாலைக்காரர், வாதத்தில் வென்றவர், கவிஞர். எந்த டி.எம்.மிடம் இந்தத் தாளை நீட்டினாலும் கொஞ்சம் ஓவர் என்பான்.

(1977இல் அதே ஆட்டத்தின் அரக்கர் தொகுப்பில் நம் ராட்சசனும் சேர்ந்தான், புலித் தலையும் கையில் புகைக்குழாயுமாக. குணம் தீயது என்று அச்சிட்டே விட்டார்கள். விபீஷணனை என்ன செய்வார்களோ.)

அதனால் இப்போது யார் புதுத் தாள் கொண்டுவந்தாலும், அனுமனுக்குச் சூரியன் மாதிரி உனக்கு இந்தத் தொழிலை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறேன். பெரும்பாலும் முழிப்பார்கள். கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் முழிக்கவில்லை. அவளுடையது ஆர்க், தொழில் க்ளெரிக், அதாவது தெய்வத்தின் பேரால் காயம் ஆற்றுகிறவன். அவன் அம்மா தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறாளாம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு ஓடும் தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதில் கற்பனை செய்ய என்ன இருக்கிறது? துணியை அளவாகக் கிழிப்பது அந்த ஆர்க்கின் சின்ன வயது வேலை. தந்தம் நீட்டிய முகத்தைப் பார்த்து நோயாளி அலறுவான் என்பதால், முதுகுப் பக்கமாக வந்துதான் கட்டுப் போடுவான்.

போன ஆட்டத்தில் அவன் மந்திரமெல்லாம் தீர்ந்துவிட்டது. குகைக்குள் ஆமைத் துறவி சாகக் கிடக்கிறது. உயிரைத் தக்கவைக்கப் பகடை எண்ணும் திறன் புள்ளியும் சேர்ந்து 10 வர வேண்டும். பகடையில் விழுந்தது 3. கட்டு நிற்கவில்லை. மாடியே அமைதியானது. அவள் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, "தூக்கிட்டு ஓடுறேன்" என்றாள். ஆமை எவ்வளவு கனம், ஓட்டோடு சேர்த்தா சேர்க்காமலா என்று டி.எம். விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். அதற்குள் அவள் குகை வாசல்வரை கட்டங்களை எண்ணி முடித்திருந்தாள்.