மணிக்கட்டில் ஒரு சாட்சி

ஐரிஸ் முர்டாக்கின் கடைசி நாவலான 'ஜாக்ஸன்ஸ் டைலமா' 1995ல் வெளிவந்தது. அவருக்கு அல்ஸைமர் நோய் என்று தெரியவந்தது அதன் பிறகுதான். 1999ல் அவர் மறைந்தபின் பீட்டர் கரார்டும் சகாக்களும் அந்நாவலை அவரது முந்தைய நாவல்களோடு ஒப்பிட்டார்கள். வாக்கிய அமைப்பு பெரிதும் மாறவில்லை; சொல்வளம் குன்றியிருந்தது. மருத்துவர்கள் அறியுமுன்பே நோய் எழுத்துக்குள் வந்துவிட்டிருந்தது.

எல்லோரும் நாவல் எழுதுவதில்லை. ஆனால் நடக்கிறோம், உறங்குகிறோம், கைபேசியில் தட்டுகிறோம். 2019ல் ஆப்பிள், எலி லில்லி, எவிடேஷன் நிறுவனங்கள் வெளியிட்ட ஆய்வில், அறிவாற்றல் குன்றத் தொடங்கிய 31 பேரையும் நலமாயிருந்த 82 பேரையும் கைக்கடிகாரமும் கைபேசியும் 12 வாரங்கள் கவனித்தன. முன்னவர்கள் மெதுவாகத் தட்டினார்கள். குறைவாகவே குறுஞ்செய்தி அனுப்பினார்கள்.

சிறிய ஆய்வுதான். விரல் மூட்டுவலியும் மனச்சோர்வும்கூடத் தட்டும் வேகத்தைக் குறைக்கும். ஆகவே கடிகாரம் சாட்சி சொல்லலாம், தீர்ப்பு வழங்க இயலாது.

அந்தச் சாட்சியம் யாரிடம் முதலில் போய்ச்சேரும் என்பதே என் கவலை. எனக்கு அப்படியொரு நாள் வருமானால், பிள்ளைகளுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்பாக நான் அதை அறியவேண்டும். சொற்கள் கைவசம் இருக்கும்போதே சிலரிடம் சொல்லிவிட வேண்டியவை இருக்கின்றன.