திருப்பூரிலிருந்து கடலுக்கு

கொங்கு நாட்டிற்கு மலை உண்டு, ஆறு உண்டு, கடல் மட்டும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கடலைப் பற்றிய ஏக்கம் நம் குடும்பங்களில் சற்று அதிகம். திருப்பூர்ப் பிள்ளைகள் அறிந்த நீர்நிலை நொய்யல். அதுவும் சாயப்பட்டறைக் கழிவினால் பல ஆண்டுகள் நிறம் மாறி ஓடி, 2011-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தலையிட்டுச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. குளித்துக் களிக்கும் ஆறாக அது இன்றைய தலைமுறைக்கு இருந்ததே இல்லை. ஆகவே, கோடையிலோ தீபாவளி விடுமுறையிலோ கடலைக் காணப் புறப்படும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் நீந்தத் தெரியாதவர்கள் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தப் பழகிய இளைஞர் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் அச்சம். கிணற்று நீர் யாரையும் இழுப்பதில்லை. கடல் இழுக்கும்.

நம் ஊர்க் கம்பெனிகளில் மார்கழி, தை மாதங்களில் இரவு ஷிப்டு வைத்துத் தைக்கப்படும் அரைக்கைச் சட்டைகளும் கால்சட்டைகளும் எங்கே போகின்றன? ஐரோப்பாவின் கோடைக்குப் போகின்றன. ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில், காடிஸ் நகரை அடுத்துக் கல்லும் பாறையும் இல்லாத நீண்ட மணற்கரைகள் உள்ளன. அங்கே மணலில் விளையாடும் குழந்தையின் சட்டை நம் ஊரில் ஓவர்லாக் ஓட்டியதாக இருந்தாலும் இருக்கலாம். தைத்துக் கொடுத்த தாயோ தன் பிள்ளைக்குக் கடலை இன்னும் காட்டவில்லை! ஆனால் அந்தத் தேசத்தாரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குடும்பத்தோடு கடற்கரைக்குப் புறப்படும் முன் அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. அந்தக் கரையில் நீர் ஆழமா, காவலர் நிற்கிறாரா, கழிப்பறை உண்டா, நிழல் உண்டா, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்பார்கள். கரையில் கொடி பறக்கும். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. நம்மவர் கேட்பதோ, "வண்டி எத்தனை மணிக்கு? பிரியாணி எங்கே கிடைக்கும்?" என்ற இரண்டுதான். இவையும் வேண்டியவையே, இவை மட்டும் போதா.

இனி, எந்தக் கடலுக்குப் போவது? நம் பங்குகளில் கடல் என்றாலே வேளாங்கண்ணி என்றுதான் பொருள். கரூர், திருச்சி, தஞ்சை, நாகப்பட்டினம் வழியாக 300 கி.மீ.க்கு மேல் செல்ல வேண்டும். திருத்தலத்திற்கென்று போவது வேறு செய்தி. அதற்கு நாளும் தூரமும் பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டும் என்பதே நோக்கமானால், நமக்கு அண்மையான கடல் கிழக்கே இல்லை, மேற்கே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்திற்கு இயற்கையே திறந்துவிட்ட பாலக்காட்டுக் கணவாய் வழியாக இரயில் ஏறினால், சுமார் 240 கி.மீ. தொலைவில் எர்ணாகுளம். ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம். மலை ஏறி இறங்கும் வளைவுகள் இல்லாததால் குழந்தைகளுக்கு வாந்தி மயக்கமும் குறைவு.

தூரத்தைவிடக் காலம் முக்கியமானது. பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு விடுமுறை நினைத்தபோது கிடைப்பதில்லை. தீபாவளிக்குப் போனஸ் வாங்கியபின் கிடைக்கும் நாட்கள், பொங்கல், அதை விட்டால் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் ஒரு சனி ஞாயிறு. தீபாவளி விழும் ஐப்பசி மாதம்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். அப்போது நாகப்பட்டினக் கரையில் மழையும் புயல் எச்சரிக்கையும் சேர்ந்துவரும். கடல் கலங்கி நிற்கும். பொங்கல் வரையிலும்கூடக் கிழக்குக் கடலில் அலையின் வேகம் முழுதும் அடங்குவதில்லை. அதே நாட்களில் கேரளக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஐப்பசியில் மாலையில் இடியும் மழையும் உண்டு. காலை நேரம் நன்றாக இருக்கும். மார்கழி, தை மாதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குடும்பத்தோடு போவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இதற்கு நேர்மாறு. இதை அறிய வானொலி கேட்க வேண்டியதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்தாலே போதும். அவை ஓயாமல் சுழலும் மாதங்களில் அந்தக் காற்று கேரளக் கடலைக் கொந்தளிக்கச் செய்துவிட்டுத்தான் கணவாய் வழியாக நம் ஊருக்கு வந்து சேர்கிறது. ஆடிக் காற்று வீசும்போது மேற்குக் கடற்கரையில் பிள்ளைகளை இறக்குவது அறிவுடைமை ஆகாது.

எர்ணாகுளத்திற்கு எதிரே வைப்பீன் என்னும் நீண்ட தீவு உள்ளது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொண்டுவந்து குவித்த மணலால் உண்டான தீவு என்று சொல்வார்கள். 2004 வரை படகில்தான் கடக்க வேண்டும். கோசிறீ பாலங்கள் வந்த பிறகு நகரிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம். முனம்பம் செல்லும் பேருந்தில் ஏறி, செறாயி சந்திப்பில் இறங்கினால், அங்கிருந்து காயலைக் கடந்து சற்றுத் தொலைவில் கடற்கரை. ஒரு பக்கம் தென்னை சூழ்ந்த காயல், மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய சாலை. இரண்டையும் ஒரே பார்வையில் காணும் இடங்கள் அதிகம் இல்லை. ஆழம் படிப்படியாகக் கூடும் கரை என்பதால் குடும்பங்கள் இதை விரும்புகின்றன. மழைக்காலத்தில் கடல் இங்கே மணலை அரித்துச் சென்றுவிடும். அதனாலும் பருவமழை ஓய்ந்தபின் செல்வதே நன்று. மாலையில் கதிரவன் கடலில் இறங்குவதைக் காணலாம். வேளாங்கண்ணியில் கதிரவன் கடலிலிருந்து எழுவதை மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு இது புதுமையாக இருக்கும். நிலநூல் பாடத்தை விளக்க வேறு படம் வேண்டாம். தீவின் வடகோடியில் பள்ளிப்புரத்தில் போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சிறு அறுகோணக் கோட்டையும், பனிமய மாதாவை மலையாளத்தார் மஞ்சுமாதா என்று வணங்கும் ஆலயமும் உள்ளன. ஞாயிறு திருப்பலியைத் தவறவிட வேண்டாம் என்று எண்ணுவோர்க்கு இது வசதி.

வசதிகளையே முதன்மையாகக் கருதுவோர் கோழிக்கோட்டை அடுத்த காப்பாட்டுக் கரையையும் நினைக்கலாம். நீரின் தூய்மை, உயிர்காப்போர், கழிப்பறை, உடைமாற்றும் அறை ஆகியவற்றைச் சோதித்து வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றிதழை அது 2020-இல் பெற்றது. 1985-இல் பிரான்சு தேசத்தில் தொடங்கிய முறை இது; இக்கொடியை மிகுதியாகப் பெற்றுவரும் தேசம் ஸ்பெயின். 1498-இல் வாஸ்கோ டகாமா வந்திறங்கிய இடம் என்று அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கோவையிலிருந்து மங்களூர் செல்லும் வண்டியில் கோழிக்கோட்டில் இறங்கி, கொயிலாண்டிப் பேருந்தில் திருவங்கூர் வரை சென்றால், அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

தெற்கே போக விரும்புவோரும் உண்டு. நம் ஊரில் குடியேறி வாழும் தூத்துக்குடி, நெல்லைக் குடும்பங்களுக்கு அது தாய் வீடு. கோவை - நாகர்கோவில் இரவு வண்டியில் திருநெல்வேலி இறங்கி, திருச்செந்தூர் வண்டி பிடித்து, மணப்பாட்டிற்குப் போகலாம். உடுமலைப் பக்கத்தார்க்குப் பாலக்காடு - திருச்செந்தூர் வண்டி வாசலிலேயே நிற்கிறது. 1542-இல் சவேரியார் வந்த கரை அது; கடலை நோக்கிய மணற்குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. குன்றின் ஒரு பக்கத்துக் கடல் சாது, மறுபக்கத்துக் கடல் முரடு. எந்தப் பக்கம் எது என்பதை அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேட்டபின்பே இறங்க வேண்டும்.

இப்போது விளையாட்டல்லாத செய்திக்கு வருகிறேன். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில், பயிற்சி மருத்துவர்களான ஐந்து இளைஞர்கள் ஓர் அலையில் மாண்டார்கள். திருமணத்திற்கு வந்தவர்கள், கடலில் கால் நனைக்கப் போனார்கள். நீந்திச் சென்றவர்கள் அல்லர். அன்று புயல் இல்லை, மழை இல்லை. பல்லாயிரம் கி.மீ.க்கு அப்பால் தென்சமுத்திரத்தில் எழுந்த அலைகள் சில நாட்கள் ஓடிவந்து, காற்றில்லாத அமைதியான கரையில் திடீரென ஏறுவதுண்டு. கேரள மீனவர் இதைக் கள்ளக்கடல் என்பர். அறிவியலாரும் அப்பெயரையே எடுத்துக்கொண்டார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில், அதாவது நம் பிள்ளைகளின் விடுமுறைக் காலத்திலேயே, இது மிகுதி. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல்சார் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் வருகிறது. அந்த மே மாதத்திலும் எச்சரிக்கை இருந்தது. ஆகவே, கோடையில் புறப்படுவோர் பயணத்தின் முன்னாள் இந்த ஒன்றை மட்டுமாவது பார்க்க வேண்டும். "கள்ளக்கடல்" என்ற சொல் கண்ணில் பட்டால், கரைக்குப் போவதையே தவிர்க்க வேண்டும். நீரில் இறங்குவதை நிறுத்த வேண்டும்.

மற்றொன்று, கரையோரத்து இழுப்பு. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் திரும்பிப் போக வழி தேடும். நீருக்கடியில் மணல்மேட்டின் இடைவெளி வழியாக ஆற்றைப் போல் உள்ளே பாயும். அந்த இடத்தில் அலை உடைவதில்லை. பார்ப்பதற்கு அதுதான் அமைதியான இடமாகத் தோன்றும்! "இங்கே அலையே இல்லை, பிள்ளையை இங்கே விடலாம்" என்று தாய்மார் நினைப்பது இயற்கை. இருபுறமும் வெண்ணுரை பொங்கி நடுவில் மட்டும் கருத்து அமைதியாக நீர் தெரிந்தால், அங்கே இறங்கவே கூடாது. அகப்பட்டுக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பை விட்டு வெளியே வரலாம். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். காப்பாற்றப் பாயும் உறவினரும் மாண்டுபோன செய்திகளை நாம் எத்தனை படித்துவிட்டோம்! கயிறோ, காற்றடைத்த குழாயோ, வெற்றுத் தண்ணீர்க் கேனோ எறிவது, மனிதர் குதிப்பதைவிட மேல்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிறு காலையில் வேளாங்கண்ணிக் கரையில் நின்ற திருப்பயணிகளுக்கு நேர்ந்ததை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. கடல் வழக்கத்திற்கு மாறாகப் பின்வாங்கினாலோ, நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது அச்சுறுத்தல் ஆகாது.

உடையைப் பற்றித் திருப்பூர்க்காரருக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆயினும் சொல்கிறேன். பின்னல் துணி நனைந்தால் எத்தனை எடை தாங்கும் என்பதை நாம் அறிவோம். முழங்காலுக்குக் கீழ் தொங்கும் தொளதொளத்த துணி அலையில் காலைச் சுற்றிக்கொள்ளும். சேலையோடும் துப்பட்டாவோடும் முழங்காலுக்கு மேல் நீரில் நிற்க வேண்டாம். பிள்ளைகளுக்கு நீலம், பச்சை வேண்டாம்; சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் போட்டால் அலைக்கு நடுவிலும் தெரியும். கூடையில் கிடக்கும் செக்கிங்கில் கழித்த பனியன்களே போதும்.

நடுப்பகலில் மணல் சுடும். காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பின்னும்தான் கரையில் இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு பழைய போர்வை, நால்வருக்கு ஒரு குடை. மீன் உண்ண ஆசைப்படுவோர் ஒன்றை அறிந்துகொள்ளட்டும்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் குறைவாகவும் விலை மிகுதியாகவும் இருக்கும். கேரளத்தில் தடை ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை. மேலும், கரை என்பது மீனவருக்குத் தொழிற்கூடம். உலரும் வலையின்மீது நடப்பதும் படகில் ஏறிக் குதிப்பதும், நம் பவர்டேபிளில் அந்நியர் ஏறி உட்காருவதற்கு ஒப்பாகும்.

இரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிடில் கட்டணம் இல்லை; ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். திரும்பும் சீட்டையும் அன்றே எடுத்துவிட வேண்டும். தீபாவளி முடிந்து தெற்கிலிருந்து திருப்பூர் திரும்பும் வண்டிகளின் கூட்டம் நாம் அறியாததன்று. ஞாயிறு மாலை கதிரவன் மறைவைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டாலும், எர்ணாகுளத்திலிருந்து இரவு வண்டி பிடித்தால், திங்கள் காலை எட்டரை மணி ஷிப்டுக்கு வந்துவிடலாம். தலைமுடியில் மணல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மேஸ்திரி கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.