தோன்றல், திரிதல், கெடுதல்

சென்ற ஆண்டு ஆவணியில் என் பேராசிரியரின் மகள் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணா, அப்பா தட்டச்சு பண்ணி வெச்ச பாட்டெல்லாம் இதுல இருக்கு. திறந்தா ஒண்ணுமே புரியல. நீங்கதான் பாக்கணும்" என்றார். பேராசிரியர் மறைந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. சிவகங்கைச் சீமையின் ஊர்களில் அவர் திரட்டிய தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அத்தகட்டில் இருந்தன. 2001இல் நான் முதுகலை மாணவன். துறையின் ஒரே கணினிமுன் அமர்ந்து, ஒற்றை விரலால் அவர் அவற்றைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன்.

மொத்தம் 86 கோப்புகள். எதைத் திறந்தாலும் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். யூனிகோடு பரவுமுன் நம்மவர் பலர் பயன்படுத்திய திஸ்கிக் குறிமுறையில் அவர் எழுதியிருந்தார். அதில் 'கொ' என்பது நாம் காகிதத்தில் எழுதும் வரிசையிலேயே இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடோ ககரத்தை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் சேர்க்கும். தொல்காப்பியர் கேட்டால் பின்னதையே ஒப்புவார் என்று நினைக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாமாண்டு பயிலும் மாணவர் ஒருவரிடம் சொன்னேன். "லினக்ஸில் இது ஒரு வரி வேலை சார்" என்றார். அந்த ஒரு வரியைக் கற்க எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

என் பழைய மடிக்கணினியில் அவரே லினக்ஸை நிறுவிக் கொடுத்தார். கருந்திரையில் ஒரு சிறு கட்டம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. படமில்லை, பட்டியலில்லை. 'எல்எஸ்' என்று தட்டினால் கோப்புகளின் பெயர்கள் வரும். 'சிபி' என்றால் நகல், 'எம்வி' என்றால் இடமாற்றம் அல்லது பெயர்மாற்றம், 'ஆர்எம்' என்றால் அழிவு. ஏன் இத்தனைச் சிக்கனம் என்று கேட்டேன். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் அவர்களிடம் இருந்தவை டெலிடைப் பொறிகள். 'டெலிடைப் 33' என்னும் பொறி நொடிக்குப் பத்து எழுத்துகளே அச்சிடும். கைவலியும் காத்திருப்பும் சேர்ந்து சொற்களைச் சுருக்கிவிட்டன. நம் சூத்திரங்கள் சுருங்கியது மனப்பாடத்துக்காக. இவை சுருங்கியது விரலுக்காக.

இலக்கண ஆசிரியனுக்கு எதைக் கண்டாலும் இலக்கணம்தானே? நன்னூலார் சொல்லும் மூன்று விகாரங்களையும் நான் அங்கே கண்டுகொண்டேன். சிபி தோன்றல், எம்வி திரிதல், ஆர்எம் கெடுதல். மாணவர் சிரித்தார், பிறகு தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 'மேன்' என்று தட்டினால் கட்டளைக்குரிய கையேடு விரிகிறது. ஆனால் அது பொழிப்பும் சிறப்புரையும் இல்லாத வெறும் மூலம். பரிமேலழகரைப் போல் கைப்பிடித்து அழைத்துச்செல்ல ஒருவரும் இல்லை.

ஒருநாள் 'எக்கோ' கட்டளையால் தமிழ் என்னும் சொல்லை அனுப்பி, எண்ணிச்சொல்லும் 'டபிள்யூசி'யிடம் அளவு கேட்டேன். பதினாறு பைட்டுகள் என்றது. மூன்றெழுத்துச் சொல் பதினாறா? த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆகப் பதினைந்து. மீதி ஒன்று வரிமுடிவுக்கு. வகுப்பில் இதைச் சொன்னபோது அன்று மட்டும் எழுத்ததிகாரத்தில் எவரும் தூங்கவில்லை.

பிறகு அந்த ஒரு வரி. 'ஐகான்வ்' என்னும் கட்டளை, எதிலிருந்து, எதற்கு, எந்தக் கோப்பு. அம்புமுனை போன்ற குறிக்குப்பின் விடை போய்ச்சேர வேண்டிய கோப்பின் பெயர். ஓர் ஒப்பாரிக் கோப்பை முதலில் எடுத்தேன். பாடல் எண் 17. மூலத்தின் பெயரையே விடைக்கும் கொடுத்தேன். பழையது போய்ப் புதியது அங்கேயே வந்தமரும் என்பது என் கணக்கு. கணினி ஒன்றும் சொல்லவில்லை. யுனிக்ஸ் மரபில் மௌனம் என்றால் வெற்றி என்று கற்றிருந்ததால் மகிழ்ந்தேன். திறந்து பார்த்தேன். வெறுமை. எல்எஸ்ஸிடம் அளவு கேட்டேன். பூஜ்யம்.

"ஷெல் முதல்ல விடைக்கோப்பைத் திறந்து காலி பண்ணிடும் சார். அப்புறம்தான் ஐகான்வ் படிக்க வரும். அப்ப படிக்க அதுல என்ன இருக்கும்?" என்றார் மாணவர், மெதுவாக. முதல் வேலையாக நகலெடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார், நான் எடுக்கவில்லை. குறுந்தகட்டிலிருந்து கோப்புகளைப் படியெடுத்த அன்றே அது மூன்று முறை திணறித்தான் தந்தது. இப்போது எந்தப் பொறியும் அதைத் தகடென்றே ஏற்க மறுத்தது. மீட்புக்கென்றுள்ள நிரல்களை இயக்கிப் பார்த்தோம். பயனில்லை. பேராசிரியரின் மகளிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மற்ற 85 கோப்புகளும் நகலோடு, வேறு பெயரில், பழுதின்றி யூடிஎஃப்-8க்கு வந்துசேர்ந்தன. அந்தக் குறிமுறையை 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவரும் அதே கென் தாம்ப்சன்தான். நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்து மேசைத்தாளில் அதை வரைந்ததாகப் பைக் எழுதியிருக்கிறார். அன்று இரவு என் கருந்திரையில் கொம்புகளெல்லாம் உரிய இடத்தில் நிற்க, முதல் தாலாட்டு வரிவரியாக மேலேறியது. வாய்விட்டுப் படித்தேன். மனைவி எழுந்துவந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் 'கிரெப்' கற்றுக்கொண்டேன். கோப்புகளுக்குள் புகுந்து கேட்ட சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் கட்டளை. எண் 17 என்று கொடுத்தேன். தேதிகள், பக்க எண்கள் எனக் குப்பையாக வந்த வரிகளுக்கிடையே பேராசிரியரின் களக்குறிப்பிலிருந்து ஒன்று: பாடல் 17, இளையான்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர், பாடியவர் பெயர், வயது 38, 'தம் தாய்க்குப் பாடியது, முழுவதும் பாட மறுத்துவிட்டார், மறுமுறை செல்ல வேண்டும்'.

குறிப்பு 1998இல் எழுதப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தேன், அறுபதைத் தாண்டியிருப்பார். வரும் சனிக்கிழமை கல்லூரி இல்லை. பேராசிரியரின் மகளும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.