மித்தி நதியும் பெயரற்ற மீன்களும்

பம்பாய் நகரத்தாரின் தாகத்தைத் தீர்ப்பதற்காக 1860-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரி, இன்று சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று வழங்கும் வனத்தின் குன்றுகளுக்கிடையே பருவமழையை வாங்கி நிரம்பிக் கரைகொள்ளாமல் வழிகிறபோது, அவ்வாறு வழிந்த ஜலமே ஒரு நதியின் ஆதியாகிறது. பவாய் ஏரியின் வழிநீரையும் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, மாஹிம் கழிமுகத்தில் அரபிக் கடலோடு கலக்கும் அந்த நதிக்கு மித்தி என்று பெயர். காவிரியையும் தாமிரவருணியையும் நெஞ்சில் சுமந்துகொண்டு மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வந்து குடியேறிய நம்மவர் பலர், நாள்தோறும் இதன் பாலங்களைக் கடந்தும் இதை நதியென்று எண்ணியதில்லை. ‘நாலா’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆயினும், உற்பத்தி ஸ்தானமும் வளைவுகளும் சங்கமமும் உடைய ஒரு பிரவாகத்துக்கு நதியென்ற அந்தஸ்தை மறுக்க நமக்கு அதிகாரமில்லை. ஆதி முதல் அந்தம் வரை இதன் கரையோடு செல்பவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது: இந்த ஜலத்தில் எந்தெந்த மீன்கள் வாழ்ந்தன? அவற்றை இன்னவை என்று இனங்கண்டு எழுதிவைத்தவர் யார்?

அணை எழுவதற்கு முன்னால் இது கரும்பாறைமேல் ஓடிய ஒரு மலையோடையாகத்தான் இருந்திருக்க வேண்டும். அத்தகைய ஓடைகளில் வாழும் மீன்களின் வாழ்க்கை எளிதன்று. ஆனி ஆடியில் புரண்டுவரும் வெள்ளம் அடித்துச் செல்லாதபடி பாறையைப் பற்றிக்கொள்ளவும், சித்திரை வைகாசியில் குட்டைகளாகச் சுருங்கிய நீரில் மூச்சுவிடவும் வல்லவையே அங்கே நிலைக்கும். ஆகையால் சிலவற்றின் வாயடியில் ஒட்டிக்கொள்ளும் வட்டு அமைந்திருக்கும். சிலவற்றின் மார்புத் துடுப்புகள் அகன்று தரையோடு படிந்திருக்கும். அயிரைக் குலத்தவை உடலை ஒடுக்கிக் கூழாங்கற்களின் இடுக்கில் புகுந்துகொள்ளும். சஹ்யாத்ரி மலையின் ஓடைகளில் இத்தகைய மீன்கள் அநேகம். அவற்றைத் தேடிய இயற்கை சாஸ்திரிகளும் இருந்தார்கள். சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி தக்காண பீடபூமியின் மீன்களைப் பற்றி 1841-இல் வெளிவந்த தம் கட்டுரையில் எழுதினார். சென்னை ராஜதானியில் வைத்தியராக ஊழியம் செய்த பிரான்ஸிஸ் டே, புனாவிலிருந்து கிடைத்த ஓர் அயிரையை 1872-இல் விவரித்து, சேகரித்தவரான கர்னல் எவிஸார்டின் பெயரையே அதற்கு இட்டார். ஆனண்டேல் என்பவர் 1919-இல் பம்பாய் ராஜதானியின் சிற்றோடைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் கண்டாலாவின் புதிய மீனொன்றை அறிமுகம் செய்தார். இவர்கள் எழுதியவை யாவும் மலைமேலும் மலைக்கு அப்பாலும் உள்ள மீன்களைப் பற்றியே. துறைமுகத்துக்கு அருகிலிருந்த மித்தியோ, அணை அதன் தலையைக் கட்டுவதற்குமுன் முழுமையாக ஒரு பட்டியலில் ஏறியதில்லை.

1891-இல் பவாய் ஏரியும் எழுந்தது. அதன் நீர் குடிப்பதற்கு உதவாமற் போகவே, தூண்டிற்காரர்களின் பொழுதுபோக்கு ஸ்தலமாயிற்று. ரோகு, கட்லா முதலிய கங்கைச் சமவெளி மீன்கள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. ஆப்பிரிக்காவுக்கு உரிய திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்து, சில ஆண்டுகளுக்குள் தேசத்தின் ஏரி குளங்களையெல்லாம் தன்னுடையதாக்கிக் கொண்டது. ஓடும் ஜலத்துக்கென்று அமைந்த உடலுடைய மீனுக்குத் தேங்கிய ஜலம் அந்நியமான தேசம். அங்கே வந்தேறிகளே குடிமக்களாகிறார்கள்.

பவாய்க்கு அருகே நதியைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இணைப்புச் சாலையில் மேற்கே திரும்பினால், ஆரே வனத்தின் ஓரமாகச் சென்று ஜோகேஷ்வரியை அடையலாம். ஆறாம் நூற்றாண்டில் குடையப்பட்ட சைவக் குகைக்கோயில் ஒன்று குடிசைகளுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் கீழே இன்றும் இருக்கிற ஊர் அது. நதி அவ்வழியே செல்வதில்லை. ஆனாலும் நம் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆதலால் சற்றே விலகிச் செல்வது நியாயமாகும். அங்கே பார்வையற்ற மாணவர்களுக்கான பள்ளியொன்றின் வளாகத்தில், 40 அடி ஆழமுள்ள கிணற்றிலிருந்து, கண்ணில்லாத ஒரு மீன் 2019-இல் கிடைத்தது. விலாங்கைப் போல் நீண்ட உடல், செதில் இல்லை, தோலினூடே உதிரத்தின் நிறம் தெரிவதால் செந்நிறம். பிரவீண்ராஜ் ஜெயசிம்மன், தேஜஸ் தாக்கரே, அனில் மஹாபாத்ரா, அன்னம் பவன்குமார் ஆகிய நால்வர் 2021-இல் இதை ஒரு புதிய இனமென்று விவரித்து, ரக்தமிக்திஸ் மும்பா என்று நாமகரணம் செய்தார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் வடபாகத்தில் பூமிக்கடியில் வாழும் குருட்டு மீன் ஒன்று அறியப்பட்டது அதுவே முதல் தடவை. பள்ளியும் மீனும் ஒருங்கே அமைந்ததைச் சொல்லி வியப்பவர் உண்டு, அது தற்செயல். ஒன்றேகால் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நகரத்தின் நடுவில், பெயரில்லாத ஒரு முதுகெலும்புப் பிராணி இவ்வளவு காலம் இருந்துவந்தது என்பதே வியப்பதற்குரிய விஷயம்.

கண் எப்படிப் போயிற்று என்று கேட்கலாம். இருளே உலகமாகிய நிலத்தடி நீரில் பார்வை எந்த அனுகூலமும் தருவதில்லை. வெளிச்சத்தில் வாழும் மீனுக்குக் கண்ணில் ஊனம் நேர்ந்தால் அது இரையாகி வம்சமற்றுப் போகும், இருளில் வாழும் மீனுக்கோ அந்த ஊனத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. மேலும், கண்ணும் அதைச் சார்ந்த மூளைப் பகுதியும் உணவின் சக்தியை மிகுதியாகச் செலவழிப்பவை. உணவு அரிதாகக் கிடைக்கும் இடத்தில் அந்தச் செலவைக் குறைத்துக்கொண்டவை பிழைக்கின்றன. நிறமும் இப்படியே மங்கி மறைகிறது. தலைமுறைகள் பல கழிந்தபின், தொடுவுணர்ச்சியாலும் மணத்தாலும் உலகத்தை அறியும் ஒரு ஜந்து எஞ்சுகிறது.

ஆனால் ‘கிடைத்தது’ என்பதற்கும் ‘புதியது’ என்பதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. கிடைத்த உடலின் முதுகெலும்புக் கணுக்களை எண்ண வேண்டும், தாடை, செவுள், தலையின் நுண்துளைகள் முதலியவற்றை உருப்பெருக்கியின் கீழ் ஆராய வேண்டும், உடல் நீளத்துக்கும் தலைநீளத்துக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட வேண்டும், டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் படித்து உறவினங்களோடு ஒப்பிட வேண்டும். அவ்வுறவினங்களைப் பற்றி முன்னோர் எழுதியதையெல்லாம் தேடிப் படிக்க வேண்டும். பிறகு ஓர் உடலை மூலமாதிரியென்று நியமித்து, பிற்காலத்தவர் எவரும் சென்று பார்த்துச் சரிபார்க்கும்படி ஒரு சேகரத்தில் ஒப்படைத்து, அது பிடிபட்ட இடத்தையும் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்தாக வேண்டும். பெயரிடுவது ஒரு நொடிக் காரியம். பெயரை நிலைநிறுத்துவது அவ்வளவும்.

அந்தப் பெயரும் நிரந்தரமான சாசனமன்று. ஜோகேஷ்வரி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மீனை, மஹாபலேஷ்வரத்தில் ‘கள்வர் குகை’ எனப்படும் இடத்திலிருந்து, சைலஸ், டாசன் என்னும் இருவர் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் விவரித்தார்கள். அவர்கள் அதை வைத்த பேரினம் வேறு. பின்வந்தோர் மாற்றிய பேரினம் வேறு. 2020-இல் ரால்ஃப் பிரிட்ஸும் அவருடைய சகாக்களும் எலும்பமைப்பைச் சீர்தூக்கி, ரக்தமிக்திஸ் என்ற புதிய பேரினத்தை வகுத்து அதில் அமர்த்தினார்கள். கேரளத்துச் செம்பாறைக் கிணறுகளில் கிடைத்த உறவினங்களும் அதிலேயே சேர்ந்தன. ஜோகேஷ்வரி மீன் வந்து சேர்வதற்கு முந்திய ஆண்டில்தான் அதற்குரிய ஆசனம் தயாராயிற்று என்று சொல்லலாம். வகைப்பாடு என்ற சாஸ்திரம் பழைய தீர்ப்புகளை மீண்டும் மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நம்பத் தகுந்ததாகவும் இருக்கிறது.

இவ்வளவு சிரமத்தினால் பயன் என்ன என்பார்க்கு அம்போலி விடை கூறும். சிந்துதுர்க் ஜில்லாவின் அம்மலையூரில், ஹிரண்யகேசி நதி பிறக்கும் இடத்தில், சிவன் கோயிலை ஒட்டிய குளத்தில் வாழ்ந்த ஓர் அயிரையை, பிரவீண்ராஜும் தாக்கரேயும் பாலசுப்பிரமணியனும் 2020-இல் ஷிஸ்டுரா ஹிரண்யகேசி என்று விவரித்தார்கள். அடுத்த ஆண்டிலேயே மகாராஷ்டிர அரசு, சுமார் 2 ஹெக்டேர் பரப்புள்ள அவ்விடத்தை உயிரினப் பல்வகைமை பாரம்பரிய ஸ்தலமென்று பிரகடனம் செய்தது. மீனுக்குப் பெயர் வருமுன்னும் அந்தக் குளம் இருந்தது, அந்த மீனும் இருந்தது. ஆனால் பெயரற்ற ஒன்றைக் காப்பாற்றும்படி எந்தச் சட்டத்தினிடமும் மனுச் செய்துகொள்ள வழியில்லை. நியாயஸ்தலத்தில் கட்சிக்காரருக்குப் பெயர் வேண்டும்.

இந்த எண்ணத்தோடு நதிக்குத் திரும்பினால், கீழ்முகமான பயணம் துயரமானது. மரோலிலும் சாக்கிநாக்காவிலும் பட்டறைகளின் எண்ணெயும் பழைய பீப்பாய்களின் கழுநீரும் சேர்ந்து நதி கறுக்கிறது. விமான நிலையத்து ஓடுபாதைக்காக ஒதுக்கப்பட்டு, கால்வாய் போலச் செங்கோணத் திருப்பங்களில் திரும்புகிறது. குர்லாவில் இரு கரையும் நெருங்கி மூச்சுத் திணறுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோதுதான், தன் இடத்தைக் கேட்டு மித்தி வீடுகளுக்குள் புகுந்தது. நதியொன்று உண்டென்பதை நகரம் அன்று நினைவுகூர்ந்து, அதற்கென ஓர் ஆணையத்தை அமைத்தது. அதற்குப் பின்னும் பேச்செல்லாம் அகலத்தையும் ஆழத்தையும் தூர்வாருதலையும் பற்றியே. மீன் என்ற சொல் அபூர்வமாகவே காதில் விழுகிறது.

கிணறுகளின் சரித்திரமும் இதற்கு மேலானதன்று. பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்த டாக்டர் பென்ட்லி 1911-இல், நோய் பரப்பும் கொசு வீட்டுக் கிணறுகளில் வளர்வதைக் காட்டினார். அதனைத் தொடர்ந்து நகரத்தின் கிணறுகள் பல மூடப்பட்டன, பல தூர்க்கப்பட்டன. மக்கள் உயிரைக் காக்கச் செய்த காரியத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கொசுப்புழுவைத் தின்பதற்கென்று தென்னமெரிக்காவின் கப்பி மீன் நீர்நிலைகளில் விடப்படுகிற இக்காலத்திலும், ஏற்கனவே அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பது வழக்கமாகவில்லை.

வகோலா ஓடையைச் சேர்த்துக்கொண்டு, சதுப்பைத் தூர்த்து எழுப்பிய பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகளைச் சுற்றி வந்தால், எதிர்க்கரையில் தாராவி. குப்பைமேடாக இருந்த 37 ஏக்கர் நிலம் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மாறி, நதியோரத்தில் நிழல் தருகிறது. அப்பால், தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் சந்துகள். அவர்கள் விட்டுவந்த தாமிரவருணிக்கு மீன் சாஸ்திரத்தில் ஓர் இடம் உண்டு: கருந்துடுப்பு நீண்ட அழகிய கெண்டை ஒன்று, டாகின்சியா தாம்பிரபர்ணியை என்ற பெயரால் அந்நதியை உலகமெங்கும் அறிவிக்கிறது. 1950-களில் அதை முதலில் விவரித்தவர், மஹாபலேஷ்வரக் குகை மீனை விவரித்த அதே சைலஸ்தான். திருநெல்வேலி நதிக்குக் கிட்டிய பேறு அம்போலியின் நதிக்கும் கிட்டிற்று, மித்திக்குக் கிட்டவில்லை. வளமை குன்றியதால் அன்று. மீன்கள் இருந்த காலத்தில் எவரும் குனிந்து பார்க்காததனால்.

மாஹிமில் நதி முடிகிறது. பார்ஸி சீமாட்டி அவாபாய் ஜீஜீபாய் அளித்த 1,57,000 ரூபாயைக்கொண்டு 1845-இல் திறக்கப்பட்ட பாலத்தின் கீழ் உப்பும் கழிவும் கலந்து கடலுக்குள் செல்கிறது. முகத்துவாரத்தில் கோலி மீனவர்களின் குடியிருப்பு. அவர்கள் தொழும் மும்பா ஆயியின் பெயரே நகரத்துக்கும், ஜோகேஷ்வரிக் கிணற்று மீனுக்கும் வந்தது. ஜலத்தால் ஜீவித்த குடியின் தெய்வம் ஜலத்தின் ஜீவனுக்குப் பெயர் தந்தது பொருத்தமே. ஆனால் பெயரோடு கடமை முடிந்துவிடாது.

மித்தியின் மேல்நீரில் இழந்தது இன்னதென்று கணக்கிட இன்று ஏடில்லை. நிலத்தடி நீரைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் இன்னும் ஏற்படவில்லை. கோட்டயத்தில் ஒரு கிணற்றிலிருந்து வந்த குருட்டுக் கெளிற்றை ஏ.ஜி.கே. மேனன் 1950-இல் விவரித்தார். அதே பேரினத்தில் 2023-இல் விவரிக்கப்பட்ட மீனொன்றுக்கு ஹொராக்லானிஸ் பாபுலி என்று, பொதுஜனங்களைச் சிறப்பிக்கும் பெயர் இடப்பட்டது. ஏனெனில், குழாயிலும் வாளியிலும் வந்த சிறு செந்நிற மீன்களைப் புழுவென்று எறிந்துவிடாமல் ஆராய்ச்சியாளருக்கு அறிவித்தவர்கள் கேரளத்து வீட்டுக்காரர்கள். வெர்சோவாவில் மீன்வளக் கல்விக்கு மத்திய நிறுவனமே வைத்திருக்கும் இந்நகரத்தில் அது இயலாத காரியமன்று. பழைய கட்டடங்களை இடித்து மாடங்கள் எழுப்பும் இவ்வேளையில், ஒவ்வொரு பழங்கிணற்றையும் தூர்ப்பதற்குமுன் ஒரு வலையை இறக்கிப் பார்க்கவேண்டும் என்பதை மாநகராட்சி ஒரு விதியாகவே வைக்கலாம். அதற்குச் செலவு அற்பம்; விதி வரும்வரை, கிணறுள்ள வளாகங்களில் குடியிருப்பவர்கள் வாளியில் வருவதைக் கொட்டிவிடுமுன் ஒருமுறை உற்றுப் பார்ப்பதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை.